கண்ணாடியின் வளைவும் ஏழு நானோநொடியும்

டீ சூடாக இருக்கிறது தம்பி, மெதுவாகக் குடி. உன் கேள்விக்கும் அவசரமாகப் பதில் சொல்ல முடியாது. லடாக்கின் ஹான்லேயில், ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில், 2024 அக்டோபர் 4 அன்று திறக்கப்பட்டது மேஸ் காமா கதிர்த் தொலைநோக்கி. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கியது. கண்ணாடியின் விட்டம் 21 மீட்டர். இவ்வளவு பெரிதாக இருந்தால் போதாதா, வடிவத்தில் என்ன இருக்கிறது என்கிறாய்.

காமா கதிர் அந்தக் கண்ணாடி வரை வருவதே இல்லை. காற்றுமண்டலத்தின் உயரத்திலேயே மோதித் துகள் மழையாகச் சிதறிவிடுகிறது. அந்தத் துகள்கள் காற்றில் ஒளி போகும் வேகத்தை மிஞ்சி ஓடுவதால் நீல நிறத்தில் ஒரு பளிச்சிடல். அதுதான் செரன்கோவ் ஒளி. சில நானோநொடிகளில் முடிந்துவிடும். நாம் பிடிப்பது அதைத்தான்.

நம் ராஜகீழ்ப்பாக்கத்தில் வேளச்சேரி சாலை விளக்குகள் வானத்தை வெளுக்க வைத்துவிடுகின்றன. இங்கே இந்த வேலை நடக்காது. ஹான்லே வானம் அத்தனை கறுப்பு. ஆனாலும் நட்சத்திர ஒளி ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். பரப்பை நான்கு மடங்காக்கினால் பளிச்சிடலின் ஒளியும் நான்கு மடங்காகும். வான ஒளியின் ஏற்ற இறக்கமோ இரண்டு மடங்குதான் கூடும். அதனால்தான் பெரிய கண்ணாடிக்கு ஆற்றல் குறைந்த கதிர்களும் அகப்படுகின்றன.

இனி வடிவம். சின்னக் கண்ணாடிகளை ஒரு கோளப் பரப்பில் பதிப்பது டேவிஸ்-காட்டன் முறை. நமீபியாவில் ஹெஸ் அமைப்பின் நான்கு 12 மீட்டர் தொலைநோக்கிகள் அப்படித்தான். பார்வையின் ஓரத்திலும் படம் அதிகம் கலங்காது. அது பெரிய நன்மை. ஆனால் விளிம்பில் பட்ட ஒளியும் நடுவில் பட்ட ஒளியும் ஒரே நேரத்தில் குவியத்துக்கு வந்து சேராது. 21 மீட்டர் விட்டம், 25 மீட்டர் குவியத் தூரம் என்று போட்டுப் பார், வித்தியாசம் ஏழு நானோநொடியைத் தாண்டும். பளிச்சிடலே அவ்வளவு நேரம்தான்! அது நீண்டுபோனால் கேமராவும் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் வான ஒளி புகுந்துவிடும்.

பரவளைய வடிவத்தில் எங்கே பட்டாலும் ஒளி ஒரே நேரத்தில் வந்து சேரும். 1960களின் கடைசியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் ஊட்டியில் துடிவிண்மீன்களின் காமா கதிரைத் தேடத் தொடங்கியபோது எடுத்துக்கொண்டதும் பரவளைய வடிவிலான தேடுவிளக்குக் கண்ணாடிகளைத்தான். மேஸில் 356 பலகைகள், பலகைக்கு நான்காக 1,424 உலோகக் கண்ணாடிகள். ஒவ்வொன்றும் கோள வளைவுதான். ஆனால் விளிம்பை நோக்கிப் போகப் போகக் குவியத் தூரம் கூடிக்கொண்டே போகும்படி வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். மொத்தத்தில் கிட்டத்தட்டப் பரவளையம். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆனால் இந்த வடிவத்தில் ஓரத்துப் படம் கொஞ்சம் கலங்கும். ஒற்றைத் தொலைநோக்கியாக நின்று ஆற்றல் குறைந்த கதிர்களைத் தேடுவதற்கு அந்த விலையைக் கொடுக்கலாம் என்பேன்.

சுமார் 175 டன் எடையுள்ள தொலைநோக்கி சாயும்போது சட்டகம் கொஞ்சம் வளையும். பலகைகளைப் பின்னாலிருந்து மோட்டார்கள் திருத்துகின்றன; இல்லாவிட்டால் ஒளிப்புள்ளி பரவிக் கேமராவில் ஒளியை உணரும் பக்கத்துக் குழாய்களிலும் விழும். மேலே கூரை கிடையாது, புழுதியும் பனியும் நேரே படும். அதற்காகத்தான் கண்ணாடிகளின் மேல் சிலிக்கான் டை ஆக்சைடு பூச்சு. பளபளப்பில் பத்து சதவீதம் போனால் பரப்பில் பத்து சதவீதம் போனதற்குச் சமம்.