உங்கள் நிலத்தின் மீது எந்த அரசுக்கு என்ன அதிகாரம்?

சிவகிரி வட்டாரத்தில் மேற்கே மலை, மலையடியில் குளங்கள், குளங்களின் கீழ் நெல் விளையும் நஞ்சை, அதற்கு அப்பால் கிணற்றுப் பாசனத் தோட்டங்களும் மானாவாரிப் புஞ்சையும் உள்ளன. இந்நிலங்களின் பயன்பாட்டை மழையும் மண்ணும் மட்டும் தீர்மானிப்பதில்லை. உள்ளாட்சி, மாநில அரசு, மத்திய அரசு ஆகிய மூன்றின் முடிவுகளும் வரப்புக்குள் வந்து சேர்கின்றன. எந்த முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதை அறியாமல், மனுவைத் தவறான அலுவலகத்தில் கொடுத்துக் காலக்கெடுவை இழப்பவர்கள் உண்டு. ஆகவே இதனைப் பற்றி விவசாயிகள் அறிந்து கொள்ளுதல் அவசியம்.

மாநில அரசு

அரசியல் சட்டத்தின்படி நிலம், வேளாண்மை, பாசனம் ஆகியவை மாநில அரசின் பொறுப்பில் உள்ளன. சிவகிரி முன்னர் ஜமீன் பகுதியாகும். 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் ஜமீன் நிலங்கள் ரயத்துவாரி முறைக்கு மாறின. உழவர்கள் அரசிடமிருந்து நேரடியாகப் பட்டா பெற வழி ஏற்பட்டது. பின்னர் 1961ஆம் ஆண்டின் உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு 30 தர ஏக்கர் என வரம்பு விதித்தது. 1970இல் இது 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது.

விளைநிலத்தை மனையாக மாற்றுவதையும் மாநிலச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. முழுமைத் திட்டம் இல்லாத பகுதிகளில் இதற்கு மாவட்ட ஆட்சியரின் முன் இசைவு வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் விதி. பக்கத்து வயல் மனையானால் உங்கள் வாய்க்கால் அடைபடும் என்று கருதினால், இசைவு வழங்கப்படும் முன்பே ஆட்சியருக்கு மனுக் கொடுக்க வேண்டும். வீடு எழும்பிய பின் பயனில்லை.

உள்ளாட்சி

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், வேளாண்மை, மண்வளப் பாதுகாப்பு, சிறுபாசனம் முதலிய 29 இனங்களை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் எனக் கூறுகிறது. தமிழ்நாட்டில் 40 எக்டருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பாகும். அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையைச் சார்ந்தவை. மடை பழுதானால் எங்கே செல்வது என்பது இதைக் கொண்டே முடிவாகும். சிவகிரி பேரூராட்சியாதலால் அங்கு கிராம சபை இல்லை. சுற்றியுள்ள ஊராட்சிகளில் உண்டு.

மத்திய அரசு

காடுகள் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மத்திய, மாநில அரசுகளின் பொதுப் பட்டியலுக்கு மாறின. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின், காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற மத்திய அரசின் ஒப்புதல் தேவை.

ஆயினும் பட்டா நிலத்தையே எடுத்துக் கொள்ளும் அதிகாரம் தேசிய நெடுஞ்சாலையில்தான் வெளிப்படையாகத் தெரிகிறது. திருமங்கலம்–கொல்லம் சாலையான தேசிய நெடுஞ்சாலை 744 சிவகிரி வழியே செல்கிறது. இதனை நான்கு வழியாக்கும் திட்டத்தில், ராஜபாளையம்–செங்கோட்டைப் பகுதிக்கு வயல்கள் வழியே புதிய தடம் குறிக்கப்பட்டது. நஞ்சையும் குளங்களும் பாதிக்கப்படும் எனக் கூறி இவ்வட்டார விவசாயிகள் மாற்றுத் தடம் கேட்டனர்.

இத்தகைய நிலையில் 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் பின்வருமாறு செயல்படுகிறது. நிலம் எடுக்கும் எண்ணம் அரசிதழில் வெளியாகும். அதன் சாரம் இரண்டு நாளிதழ்களிலும் வரும். அரசிதழில் வெளியான 21 நாட்களுக்குள், நிலம் எடுக்கும் அலுவலரிடம் எழுத்து மூலம் ஆட்சேபனை கொடுக்க வேண்டும். அவர் நேரில் விசாரிப்பார். பின்னர் வெளியாகும் இறுதி அறிவிப்புடன் நிலம் மத்திய அரசின் உடைமையாகிவிடும்.

"இருபோக நஞ்சையை எடுக்கக் கூடாதே" எனப் பலர் கேட்பதுண்டு. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தில் அத்தகைய பாதுகாப்பு இருப்பது உண்மையே. ஆனால் சாலை, ரயில் பாதை, மின்தடம் போன்ற நீண்ட பணிகளுக்கு அது பொருந்தாது என அதே பிரிவு கூறுகிறது. ஆகவே இவ்வாதத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். எந்தப் புல எண்ணில் வாய்க்கால் குறுக்கிடுகிறது, மறுகால் நீர் எவ்வழி செல்கிறது, எங்கே பாலம் வேண்டும், மாடும் டிராக்டரும் எவ்வழி கடப்பது என்பனவற்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

இழப்பீடு எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

நெடுஞ்சாலைக்கு எடுக்கும் நிலத்திற்கும் 2015 ஜனவரி 1 முதல் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படியே இழப்பீடு கணக்கிடப்படுகிறது. வழிகாட்டி மதிப்பையும், அருகில் மூன்று ஆண்டுகளில் நடந்த விற்பனைகளில் உயர்ந்த பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு, அதிகமானதைச் சந்தை மதிப்பாகக் கொள்வர். கிராமப்புறத்தில் இது 1 முதல் 2 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கப்படும். மரம், கிணறு, கட்டடம் ஆகியவற்றின் மதிப்பு அத்துடன் சேரும். இவ்விரண்டின் கூட்டுத் தொகைக்குச் சமமாக ஆறுதல் தொகையும் உண்டு.

இங்கே இரு இழப்புகள் நாமே தேடிக் கொள்பவை. முதலாவது, பத்திரச் செலவைக் குறைக்க விலையைக் குறைத்துப் பதிவு செய்வது. ஒருவர் செய்யும் இச்சிக்கனம் அவ்வூரின் சராசரியையே தாழ்த்துகிறது. இரண்டாவது, அடங்கலைக் கவனியாதிருத்தல். எடுத்துக்காட்டாக, ஒருவருடைய ஒரு ஏக்கரில் கிணறும் காய்க்கும் எலுமிச்சை மரங்களும் இருப்பதாகக் கொள்வோம். அடங்கலில் "தரிசு" என்றே பதிவு தொடர்ந்தால், மரங்களின் வயதையும் காய்ப்பையும் மெய்ப்பிக்கும் சுமை அவர் தலையில் விழும். டெல்லியில் எடுக்கப்படும் முடிவும் உங்கள் வயலைக் கிராம நிர்வாக அலுவலரின் கணக்கு வழியாகவே பார்க்கிறது. பயிர்க் காப்பீட்டிற்கும் குளத்து வண்டல் எடுக்கும் அனுமதிக்கும் இதே கணக்குத்தான் ஆதாரம்.

செய்ய வேண்டியவை

1. பட்டா தந்தை, பாட்டனார் பெயரில் இருந்தால் உடனே மாற்றிக் கொள்ளவும். கூட்டுப் பட்டாவில் உட்பிரிவு கேட்கவும்.

2. ஒவ்வொரு பசலியிலும் (ஜூலை முதல் ஜூன் வரை) பயிர், பாசன ஆதாரம், மரங்களின் எண்ணிக்கை ஆகியவை அடங்கலில் ஏறியுள்ளனவா எனப் பார்க்கவும். தவறு இருப்பின் ஜமாபந்தியில் மனுக் கொடுத்துப் பதிவு எண் பெறவும்.

3. புலப்படத்தின் நகலை வைத்திருக்கவும். அளவுக் கற்கள் காணாமல் போயிருந்தால் அளந்து நடச் செய்யவும்.

4. நில எடுப்பு அறிவிப்பு வந்தவுடன், அரசிதழ்த் தேதியிலிருந்து 21 நாட்களை எண்ணிக் குறித்துக் கொள்ளவும். ஆட்சேபனையைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பாதுகாக்கவும்.

5. கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி நகலை மனுவுடன் இணைக்கவும். தீர்மானம் சாலையை நிறுத்திவிடாது. எனினும் அது ஊரின் சான்றாக விளங்கும்.

6. இழப்பீடு குறைவெனக் கருதினால், மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் முறையிடலாம். பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே நடுவராக இருப்பார்.

களை எடுப்பதற்குப் பருவம் இருப்பது போல் மனுவுக்கும் பருவம் உண்டு. இவ்வாண்டு அடங்கலை ஒருமுறை நேரில் பார்த்துச் சரி செய்து கொள்ளுமாறு விவசாயப் பெருமக்களைக் கேட்டுக் கொள்கிறோம்.