பயிர்க்காவல் துப்பாக்கி: குழலின் பலம் பார்த்த பிறகே மருந்து

வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மலையடிவாரத்தில் நிலக்கடலையும் மக்காச்சோளமும் விதைப்போருக்குக் காட்டுப்பன்றித் தொல்லை புதிதல்ல. பயிர்ப் பாதுகாப்புக்கென வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அப்பா காலத்துத் துப்பாக்கியைப் பரணிலிருந்து இறக்கி, அப்படியே மருந்து கெட்டிப்பது ஆபத்தானது.

குழலின் சுவர் பாதியாகத் தேய்ந்தால், அதே மருந்துக்கு இரும்பு தாங்க வேண்டிய விசை இரு மடங்காகும். கருமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கழுவாமல் வைத்த குழல் உள்ளிருந்தே துருவேறும்; வெளியே பளபளப்பாக இருப்பதை நம்பக்கூடாது.

முதலில் துப்பாக்கியில் பழைய மருந்து இருக்கிறதா என்று அறிய வேண்டும். கெட்டிப்புக் கோலைக் குழலில் மெதுவாக இறக்கி, வாயருகே அடையாளமிட்டு, வெளியே வைத்து அளந்தால் தெரியும். அடிவரை போகாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது; அதைத் தோண்டாமல் உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். காலியாக இருந்தால், குழலை விரல்களால் நீளவாக்கில் தடவிப் பார்க்கவும். ஓரிடத்தில் வளையம்போல் புடைத்திருந்தால் அக்குழல் முன்பே ஒருமுறை தப்பிப் பிழைத்தது என்று பொருள். மூட்டில் விரிசல், திரிமுனையில் ஆட்டம், அதைச் சுற்றிப் புகைக்கறை ஆகியவையும் கெட்ட அறிகுறிகளே. இவற்றில் ஒன்று இருந்தாலும் சுடக்கூடாது.

மரத்தில் கட்டி, இரட்டை மருந்து போட்டு, கயிற்றால் இழுத்துச் சோதிக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. லண்டனில் 1637 முதலும் பர்மிங்காமில் 1813 முதலும் மிகுமருந்துச் சோதனைக் கூடங்கள் இயங்குகின்றன. அங்கே சுட்ட பிறகு குழலை ஆராய்ந்தே முத்திரை குத்துவார்கள். மரத்தடியில் வெடிக்காமல் தப்பிய குழலிலோ கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கலாம். அடுத்த வெடி தோளருகே அல்லவா நடக்கும்!

சிவகாசி வட்டாரத்தில் இன்னொரு கேடு: பட்டாசைப் பிரித்த மருந்தைக் குழலில் போடுவது. அலுமினியத் தூள் கலந்த வெடிமருந்து கருமருந்தைவிட மிக வேகமாக எரிவதால், ரவை நகருமுன்பே அழுத்தம் ஏறிக் குழல் பிளந்துவிடும். நல்ல துப்பாக்கியும் இதைத் தாங்காது.

குரங்கு விரட்டப் பயன்பட்ட கார்பைடு பிளாஸ்டிக் குழாயும் இதே வகைதான். 2025 தீபாவளியின்போது போபாலில் நூற்றுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், இதனால் கண் காயமடைந்தனர். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் குழாய் எப்போது சிதறும் என்று கணிக்கவே முடியாது.

உரிமம் இருந்தாலும் பன்றியைத் தாமே சுடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் தொல்லை தரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அந்த எல்லையில் நிலமுள்ளோர் சேதத்தை வனத்துறையிடம் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.