கோலிக்குண்டு போட்ட ஓட்டு

மேற்கு ஆப்பிரிக்காவில், ஓர் ஆற்றின் இரு கரைகளையும் ஒட்டி நீண்டு கிடக்கும் சின்னஞ்சிறு நாடு காம்பியா. மூன்று பக்கம் செனகல், ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தடையின்றி வாக்களிக்க வேண்டும் என்பதற்காக 1960-களில் அங்கே ஒரு முறை வந்தது. வாக்குச்சீட்டு இல்லை, கண்ணாடிக் கோலிக்குண்டுதான் வாக்கு.

வாக்காளரின் விரலில் மை வைத்து, கையில் ஒரே ஒரு கோலியைக் கொடுக்கிறார் அதிகாரி. மறைவிடத்துக்குள் வேட்பாளருக்கு ஒன்றாக உலோகப் பீப்பாய்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் கட்சியின் நிறம், சின்னம், வேட்பாளரின் படம். மேலே உள்ள குழாயில் கோலியைப் போட்டால் அது உள்ளிருக்கும் மணியில் மோதி 'டிங்' என்று ஒலிக்கும். அடியில் மணலோ மரத்தூளோ பரப்பியிருப்பதால் விழுந்த பிறகு வேறு சத்தம் எழாது.

இதன் நுட்பம் என்னை வியக்க வைக்கிறது. யாருக்கு ஓட்டு என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஒருவர் எத்தனை ஓட்டுப் போட்டார் என்பது எல்லோர் காதிலும் விழுந்துவிடும். இரண்டாவது முறை மணி அடித்தால் கள்ள ஓட்டு அந்த நொடியே அம்பலம். மணியோசையோடு குழம்பிவிடக் கூடாது என்று வாக்குச்சாவடிக்குப் பக்கத்தில் சைக்கிளுக்குக்கூடத் தடை!

எண்ணுவதும் எளிது. பல்லாங்குழிப் பலகையைப் பெரிதாக்கியதுபோல 200 அல்லது 500 குழிகள் கொண்ட தட்டுகளில் கோலிகளைக் கொட்டிப் பரப்புகிறார்கள். தட்டு நிறைந்தால் கணக்குச் சரி.

2016 அதிபர் தேர்தலில் எண்ணும் முறையில் ஒரு மாற்றம் வந்தது. பீப்பாய்களை வேறிடத்துக்குக் கொண்டுபோகாமல், அந்தந்தச் சாவடியிலேயே எல்லோர் முன்னிலையிலும் எண்ணினார்கள். 1994-ல் ராணுவப் புரட்சியில் ஆட்சிக்கு வந்த யாஹ்யா ஜாமே 39.6 சதவீதம் பெற்றுத் தோற்றார், 43.3 சதவீதம் பெற்ற அடாமா பாரோ வென்றார். முதலில் தோல்வியை ஒப்புக்கொண்ட ஜாமே, ஒரு வாரத்தில் மனம் மாறி முடிவை ஏற்க மறுத்தார்.

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு சும்மா இருக்கவில்லை. அரசியல் சாசனத்தை மீறிப் பதவியில் ஒட்டிக்கொள்வதைப் பொறுக்க மாட்டோம் என்று 2001-லேயே அது உடன்படிக்கை செய்திருந்தது. 2017 ஜனவரி 19 அன்று செனகல் தலைநகர் டக்காரில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பாரோ பதவியேற்றார். அன்றே ஐ.நா. பாதுகாப்புச் சபை ஒருமனதாக அவரை ஆதரித்தது; செனகல் படைகள் எல்லையைக் கடந்தன. கினியா, மொரிட்டானியா அதிபர்கள் நேரில் வந்து ஜாமேயிடம் பேசினார்கள். 21-ஆம் தேதி ஜாமே நாட்டை விட்டு வெளியேறினார்.

இதே கூட்டமைப்பு 2023-ல் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது படை அனுப்புவோம் என்று எச்சரித்தது, அனுப்பவில்லை. நைஜர் பரந்த நாடு. அதன் ராணுவத்துக்குத் துணையாக மாலியும் புர்கினா ஃபாசோவும் நின்றன. 2025 ஜனவரியில் அந்த மூன்று நாடுகளும் கூட்டமைப்பிலிருந்தே விலகிவிட்டன. ஆனால் 2017-ல் ஜாமேவுக்குத் துணையாக நிற்க அண்டை நாடு ஒன்றுகூட முன்வரவில்லை.