தூளியில் ஏன் முதுகு குளிர்கிறது?

மார்கழியிலும் மின்விசிறி போட்டுத் தூங்கும் தாம்பரத்துப் பிள்ளைகளைச் சாரணர் முகாமுக்கு ஏலகிரிக்கு அழைத்துச் செல்கிறோம். அந்த மலை ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்று வகுப்பில் நடத்துகிறோமே, மரங்களுக்கிடையே கட்டிய தூளியில் படுத்தால் அது முதுகுக்கே புரியும்.

தூளிக்கு அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. உடல் சூடாக்கிய காற்றை அது அள்ளிக்கொண்டு போகிறது, வெப்பச்சலனம்தான். உள்ளே கம்பளி விரித்தாலும் உடல் எடையில் அது நசுங்கும். இழைகளுக்கிடையே தங்கும் காற்றுதானே வெப்பத்தைக் காக்கிறது? எனவே கம்பளியைத் தூளியின் அடிப்புறத்தில், தொட்டும் தொடாமலும் வெளியே தொங்கவிடச் சொல்வேன். அதற்கும் வெளியே நெருக்கமாக நெய்த நைலான் துணி. பாலித்தீன் தாள் வேண்டாம். வியர்வை ஆவி அதில் நீராகிக் கம்பளியை நனைத்துவிடும். மேலே கட்டும் தார்ப்பாய் காற்று வரும் பக்கம் தாழ்ந்திருக்கட்டும்.

தூளிக்குப் பழைய பருத்திப் புடவை வீட்டுக்குச் சரி, பனி இறங்கும் மலைக்குச் சரிவராது. பருத்தி சாதாரணமாகவே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரம் ஏற்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட ஏற்காது. புதிய ஸ்வெட்டர் வாங்கச் சொல்லிப் பெற்றோருக்குப் பட்டியல் அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டுக் கம்பளியும் பழைய மழைக்கோட்டும் போதும்.

புறப்படும் முன் வகுப்பில் இதைச் செய்யலாம். இரண்டு டம்ளர்களில் சமஅளவு வெந்நீர் ஊற்றிக் கம்பளி சுற்றுங்கள். ஒன்றின் மேல் மட்டும் மழைக்கோட்டுத் துணி. மின்விசிறிக்கு முன் வைத்து, 15 நிமிடம் கழித்து வெப்பநிலையைப் பிள்ளைகளே அளக்கட்டும்.

இரவில் நடுங்கும் பிள்ளையின் ஈர உடையை உடனே மாற்றிக் கட்டடத்துக்குள் அழைத்து வாருங்கள். நடுக்கம் நின்று பேச்சும் குழறினால் மருத்துவமனைதான்.