நாலு தெருவுக்கு ஒரு பத்திரிகை

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். வார்டுக்கு வாரம் ஒரு செய்தி என்று கணக்கு வைத்தாலும், மாநிலம் முழுவதும் விற்கும் நாளிதழால் அத்தனைக்கும் இடம் ஒதுக்க முடியாது. ஒதுக்கினாலும், மயிலாப்பூர் மழைநீர் வடிகாலைப் பற்றி மதுரை வாசகர் தெரிந்துகொண்டு ஆவது ஒன்றுமில்லை. இந்த இடைவெளியில் முளைத்தவைதான் பேட்டைப் பத்திரிகைகள். வின்சென்ட் டிசோசா 1994-இல் தொடங்கிய ‘மயிலாப்பூர் டைம்ஸ்’, அடையாறு, மாம்பலம், அண்ணா நகர் என்று அந்தந்த வட்டாரத்தின் பெயரைச் சூடிய வார இதழ்கள் எல்லாம் இந்த ரகம். சென்னையில் பெயர்பெற்றவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருபவை; வார இறுதியில் வாசலில் இலவசமாக வந்து விழுபவை. பெரிய பத்திரிகை நடத்த வசதியில்லாதவர்களின் சின்ன முயற்சி என்று இவற்றை ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் இவை ஓடும் விதத்தைக் கவனித்தால், குறுகிய எல்லைதான் இவற்றின் மூலதனம் என்று புரியும்.

முதலில் வரவு செலவைப் பார்க்கலாம். ஆஃப்செட் அச்சில் பக்க வடிவமைப்பு, பிளேட், மெஷினை ஓட்டி நிறம் சரிபார்ப்பது ஆகிய செலவுகள் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான், பத்தாயிரத்துக்கும் ஒன்றுதான். பக்கங்களும் நான்கு நான்காகத்தான் கூடும். எனவே இந்த வாரம் எட்டுப் பக்கமா பன்னிரண்டா என்பதை விளம்பரம் தீர்மானிக்கிறது. டம்மியில், அதாவது மாதிரிப் பக்கத்தில், விளம்பரங்களை முதலில் நிறுத்திவிட்டு, மிஞ்சும் இடத்தில் செய்தியை அமர்த்துவார்கள். தெருமுனை மெஸ், டியூஷன் சென்டர், பல் மருத்துவர், வீடு வாடகைக்கு விடுபவர் ஆகியோர்தான் இங்கே விளம்பரதாரர்கள். இவர்களுடைய வாடிக்கையாளர் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிறார். மாநிலம் முழுவதும் போகும் நாளிதழில் இவர்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு, கடைப்பக்கம் ஒருநாளும் வரப்போகாதவர்களுக்காகச் செலவாகும். எல்லை விரிந்தால் பேட்டைப் பத்திரிகையும் இந்த அனுகூலத்தை இழந்துவிடும்.

செய்தியிலும் இதே கணக்குதான். கோயில் உற்சவ நேரம், கச்சேரி, பள்ளி விளையாட்டு விழா, தண்ணீர் வராத நாள், தோண்டிப்போட்டு மூடாத பள்ளம் ஆகியவற்றை வாசகர் நடந்துபோய்ச் சரிபார்த்துவிடலாம். தெருப்பெயர் தவறினால் மறுநாளே கேள்வி வரும். அதனால் நிருபர் ஒழுங்காக நேரில் போயாக வேண்டும். வார்டு கூட்டத்தில் பின்வரிசையில் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே பேசுபவரின் பேச்சு மாறும். இந்தக் கண்காணிப்புக்குப் பண மதிப்பும் உண்டு. அமெரிக்காவில் உள்ளூர்ப் பத்திரிகைகள் மூடப்பட்ட பகுதிகளை பெங்ஜியே காவ், சாங் லீ, டெர்மட் மர்ஃபி ஆகிய மூவர் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். பத்திரிகை போன பிறகு அங்கே உள்ளாட்சிகள் கடன் பத்திரங்களுக்குக் கொடுக்கும் வட்டி 0.05 முதல் 0.11 சதவீதப் புள்ளி வரை கூடியதாக அவர்கள் கண்டார்கள். கண்காணிக்க ஆளில்லாத நிர்வாகத்துக்குக் கடன் கொடுப்பவர் அதிகம் கேட்கிறார் என்பது அவர்கள் தரும் விளக்கம். நூறு கோடி ரூபாய்க் கடனில் 0.1 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 10 லட்சம். ஒரு நிருபருக்குச் சம்பளம் கொடுத்து மீதியும் இருக்கும்.

வாட்ஸ்அப் குழு இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். வேகத்தில் வாட்ஸ்அப்பை எந்த வார இதழும் முந்த முடியாது. ஆனால் குழுவில் வந்த தகவலுக்குப் பொறுப்பு யார்? அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்களைப் பத்திரிகையில் போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் 1867-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவு இணையத்துக்கு மாறியிருக்கிறது, பதில் சொல்ல வேண்டியவர் மாறவில்லை. இப்படிப் பெயர் தெரிந்த பத்திரிகைக்கு நெருக்கடியில் என்ன மதிப்பு என்பதற்கு ஓர் உதாரணம். ஜப்பானின் இஷினோமாகி நகரில் 2011 மார்ச் 11 சுனாமியில் உள்ளூர் நாளிதழான ‘இஷினோமாகி ஹிபி ஷிம்புன்’ ஏட்டின் அச்சு இயந்திரம் செயலிழந்தது. ஊழியர்கள் மிஞ்சிய தாளில் மார்க்கர் பேனாவால் எழுதி, ஆறு நாட்கள் நிவாரண முகாம்களில் ஒட்டினார்கள். மின்சாரமும் தொடர்பும் இல்லாத ஊரில் மக்கள் கூடிப் படித்தது, பல ஆண்டுகளாகத் தமக்குத் தெரிந்த பெயரை நம்பித்தான்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. விளம்பரம் கொடுப்பவரும் கவுன்சிலரும் அடுத்த தெருக்காரர்கள் என்றால், அவர்களைப் பற்றி எழுத யாருக்குத் துணிவு வரும்? இந்த அச்சத்தை மறுக்க முடியாது. வாய்மூடிக் கிடக்கும் உள்ளூர் ஏடுகள் ஏராளம். ஆனால் நெருக்கம் என்றாலே அடிமைத்தனம் என்று ஆகிவிடாது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஏறத்தாழ 3,000 பிரதிகள் விற்ற ‘ஸ்டார்ம் லேக் டைம்ஸ்’ என்ற குடும்பப் பத்திரிகை, ஆறுகளில் நைட்ரேட் கலப்பது பற்றிய வழக்கில் தங்கள் கவுண்டியின் (மாவட்ட நிர்வாகத்தின்) வழக்குச் செலவை யார் தருகிறார்கள் என்று விடாமல் கேட்டது. சுற்றிலும் விவசாயத்தை நம்பிய ஊர். கேள்வியோ பெரும் விவசாய நிறுவனங்களை நோக்கியது. ஆசிரியர் ஆர்ட் கல்லனுக்கு 2017-இல் தலையங்கத்துக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்தப் பத்திரிகை சந்தாவும் வாங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். வருமானம் பல சிறு கைகளிலிருந்து வரும்வரை முதுகெலும்பு நிற்கும். கடைசிப் பக்கம் முழுவதையும் வாராவாரம் ஒரே கட்டுமான நிறுவனம் எடுத்துக்கொள்ளத் தொடங்கினால், ஆபத்து வந்துவிட்டது என்று பொருள்.

ஆகவே, பத்திரிகை தொடங்க நினைப்பவர் பெயர் யோசிக்குமுன் வரைபடத்தை விரித்து, எந்தத் தெரு வரை என்று கோடு போடட்டும். வாசகரும் தம் பங்குக்கு ஒன்று செய்யலாம். இலவசமாக வந்து விழுகிறதே என்று பிரிக்காமலேயே பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாமல் படித்துப் பார்த்து, தப்பு இருந்தால் ஆசிரியருக்கு நாலு வரி எழுதுங்கள். தட்டிக் கேட்க ஆள் இருக்கும் பேட்டையில்தான் பத்திரிகையும் ஒழுங்காக இருக்கும்.