மினுக்கொளியும் கண்கூச்சமும்: 1997 ஜப்பானிய நிகழ்வை முன்வைத்து

திறவுச்சொற்கள்: கண்கூச்சம், மினுக்கொளி, ஒளியுணர் வலிப்பு, ஒளிபரப்பு நெறிமுறை

முன்னுரை

கண்ணுக்குத் தொல்லை தரும் ஒளி என்றவுடன் அதன் மிகுபொலிவே காரணம் எனக் கருதுவது வழக்கம். ஆயினும், சில சூழல்களில் ஒளியின் வலிமையைவிட அது மாறும் வேகமே பெருந்தீங்கு விளைவிக்கிறது. இவ்வேறுபாட்டை 1997இல் ஜப்பானில் நேர்ந்த நிகழ்வின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

கூச்சமும் மினுக்கமும்

எதிர்வரும் வண்டியின் முகப்பு விளக்கொளி விழிக்குள் சிதறி, விழித்திரையில் விழும் உருவத்தின்மேல் மெல்லிய திரைபோல் படர்கிறது. பொருள்கள் மங்கித் தோன்றுகின்றன. இவ்வகைக் கண்கூச்சத்தின் களம் விழி. மினுக்கொளியின் களமோ மூளையின் பின்புறமுள்ள பார்வைப் புறணி. அங்குள்ள நரம்பணுக்கள் ஒளியின் தாளத்திற்கேற்ப ஒருசேரத் தூண்டப்படுகின்றன. இது பலருக்குத் தலைவலியாகவும் கண்சோர்வாகவும் அமைகிறது. ஒளியுணர் வலிப்புத் தன்மை உடையோர்க்கு வலிப்பையே தோற்றுவிக்கலாம். நொடிக்கு 15 முதல் 25 வரையிலான மினுக்கங்கள் இவர்களை மிகுதியும் பாதிக்கின்றன.

ஜப்பானிய நிகழ்வு

1997 டிசம்பர் 16 அன்று மாலை ஒளிபரப்பான ‘போக்கிமான்’ தொடரின் ஒரு காட்சியில், சிவப்பும் நீலமும் நொடிக்கு ஏறத்தாழ 12 முறை மாறிமாறி ஒளிர்ந்தன. காட்சி சில நொடிகளே நீடித்தது. எனினும், 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறார். வலிப்புற்றோருள் பலருக்கு அதற்குமுன் வலிப்பு வந்ததே இல்லை. இல்லத் தொலைக்காட்சியின் பொலிவு வாகன விளக்கினதைவிட மிகக் குறைவு. ஆகவே, பாதிப்பைப் பொலிவால் மட்டும் விளக்க இயலாது. மினுக்கத்தின் வேகம், அது நிரப்பிய திரைப்பரப்பு, செறிந்த சிவப்பு நிறம் ஆகிய மூன்றும் ஒருங்கிணைந்தமையே காரணமாகக் கொள்ளப்படுகிறது. திரைக்கு மிக அருகில் அமர்வது, மினுக்கம் பார்வைப் புலத்தில் நிரப்பும் பரப்பை மேலும் பெருக்கும்.

நெறிமுறைகள்

1998 ஏப்ரலில் ஜப்பானிய ஒளிபரப்பு நிறுவனங்கள் இத்தகைய காட்சிகளுக்கு வரம்பு வகுத்தன. 2008இல் வெளியான வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் இரண்டாம் பதிப்பும், நொடிக்கு மூன்று முறைக்கு மேற்பட்ட மினுக்கத்தைத் தவிர்க்குமாறு கூறுகிறது. மிகச் சிறிய பரப்பில் தோன்றும் மினுக்கத்திற்கு விலக்களிக்கிறது. மினுக்கொளியை எதிர்கொள்வோர் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதும் மூடி, முகத்தைத் திருப்பிக்கொள்வது நன்று. இமைகளை மூடுவது மட்டும் போதாது. சிவந்த ஒளி இமையையும் ஊடுருவும்.

முடிவுரை

‘மினுக்கொளி உண்டு’ என்னும் எச்சரிக்கை, தம் உடல்நிலையை முன்பே அறிந்தோர்க்கு மட்டுமே பயன்படும். முதல் வலிப்பு வரும்வரை பலரும் அதனை அறிவதில்லை என்பதை ஜப்பானிய நிகழ்வு காட்டுகிறது. ஆதலின், தீங்கைத் தடுக்கும் முதற்கடமை காண்போரைவிடக் காட்சியைப் படைப்போரையே சாரும்.