மரக்கப்பலுக்கு உப்பு மருந்து, மழை நஞ்சு! தெரியுமா?

நம் கர்நாடகத்துக் கார்வாரில் 2025 மே 21 அன்று கடற்படையில் சேர்ந்த பாய்மரக் கப்பல் 'கௌண்டின்யா'. அதன் பலகைகளைச் சேர்க்க ஓர் ஆணிகூட அடிக்கவில்லை, தெரியுமா? எல்லாம் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தது! அஜந்தா ஓவியத்தில் இருக்கும் கப்பலைப் பார்த்துச் செய்தார்கள். வெளிப்பலகைக்குப் பூச்சு என்ன? மரப்பிசினும் மீன் எண்ணெயும்!

மரத்தை அரிப்பது கடல் தண்ணீர் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்குப் பிடித்தது மழைத்தண்ணீர். உப்பைக் கண்டால் அது அடங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், கப்பல் கட்டும்போதே விலாக்கட்டைகளின் இடுக்கில் உப்பைக் கொட்டி நிரப்பினார்கள்! மேல்தளத்தைத் தினமும் கடல் தண்ணீரால் கழுவுவதும் அதனால்தான். இன்னொரு காரணமும் உண்டு: காய்ந்தால் பலகை சுருங்கி, இடுக்கு வாய் பிளந்துவிடுமே!

அந்த இடுக்கை அடைக்கும் வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். பஞ்சைத் திரியாகத் திரித்து, மழுங்கிய உளியை வைத்து, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி உள்ளே இறக்குவார்கள். அப்படியும் கப்பலைத் தண்ணீரில் இறக்கிய முதல் நாள் ஒழுகும்! பயப்பட வேண்டாம். பலகை ஊறி, உப்பி, தானே இடுக்கை இறுக்கிக்கொள்ளும். என்ன அருமையான ஏற்பாடு!

தேக்கைப் பூசாமல் விட்டால் வெயிலில் வெள்ளிச் சாம்பல் நிறமாகிவிடும். வலு குறைவதில்லை! ஆனால் மர ரேகையின் திசையிலேயே தேய்த்தால் மென்மையான பகுதி கழன்று வரி வரியாய்ப் பள்ளம் விழும். மென்மையான பிரஷ்ஷால் குறுக்கேதான் தேய்க்க வேண்டும்! வார்னிஷ் அடிப்பதா? ஒரு கோட் போதாது. ஆறு, எட்டு கோட்! ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே உப்புத்தாள்!

கோலார் தங்கவயலில் சுரங்கம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகளே, இது உங்களுக்கு! கப்பல் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு உண்மையில் புழுவே அல்ல, சிப்பி இனம்! துளைத்தபடியே பின்னால் சுண்ணாம்புச் சுவர் பூசிக்கொண்டு போகும். அதைப் பார்த்துத்தான் பொறியாளர் மார்க் புருனெலுக்குத் தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டும் யோசனை வந்ததாம்! 1843இல் திறந்த அந்தப் பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது!

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டிய 'அன்னபூரணி' பாய்மரக் கப்பல் எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்கு! காற்றையே நம்பி, நம் தமிழ் மாலுமிகளோடு!

அதைவிடப் பெரிய வியப்பு, திருகோணமலையின் பெயர் தாங்கிய 'ட்ரிங்கோமலி' போர்க்கப்பல்! 1817இல் பம்பாயில் மலபார்த் தேக்கால் கட்டியது. 1990இல் தொடங்கிய சீரமைப்பு, தங்கவயல் சுரங்கங்கள் மூடிய அதே 2001இல்தான் முடிந்தது! பழைய மரத்தில் பாதிக்கும் மேல் இன்னும் அப்படியே இருக்கிறது. இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் பக்கம் போனால் விட்டுவிடாதீர்கள், உள்ளே ஏறியே பார்க்கலாம்!